சூட்டு முள்

மார்ச் 4, செவ்வாய்

அண்ணன் லாரி மறுபடியும் பட்டறைக்கு வந்துவிட்டது. வந்தது என்று சொல்லக்கூடாது. இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் ஒரு லாரி, நடுவில் கம்பிக் கயிறு, பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அண்ணன், பரிசு வாங்க மேடையேறுகிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

ரேடியேட்டர் மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. தண்ணீரில் எண்ணெய் கலந்து காபி நிறத்தில் கிடக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. மூன்றாவது முறை.

"என்னடி ஸ்பேனர், உன் கைராசி இப்படிக் கவுத்துடுச்சே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் வைத்த பெயர்தான் ஸ்பேனர். பட்டறையில் என் நிஜப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. மொட்டையும் சிரித்தான். என்னிடம் வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடத்தில் அவன் பல்லை நான் பார்த்தது இன்றைக்குத்தான். சுருக்கென்றது.

மார்ச் 5, புதன்

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியாகிவிட்டது. மூன்றாவது சிலிண்டருக்கும் நான்காவதற்கும் நடுவே கேஸ்கெட் கருகி, எலி கொறித்தது போல இருக்கிறது. ஹெட்டின் மேல் இரும்புப் பட்டையை நிறுத்திப் பார்த்தேன், நடுவில் வெளிச்சம் தெரிகிறது. வளைந்திருக்கிறது. நன்றாக வெந்திருக்கிறது.

முதல் தடவையும் ஹெட் வளைந்திருந்தது. வழித்துச் சமமாக்கி, புது கேஸ்கெட் போட்டு, கையைக் கழுவினேன். இரண்டாம் தடவை, சிலிண்டருக்குள் செருகும் லைனர் குழாய்களில் ஒன்று மற்றவற்றைவிட மயிரிழை தாழ்ந்திருந்தது. ஆகா, இதுதான் என்று குதித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைக்கிறது. கிடைத்ததும் தேடுவதை விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது காரணமா, இல்லை நிம்மதியா?

மத்தியானம் அண்ணி சாப்பாடு கொண்டுவந்தார். பெஞ்சில் கிடந்த கேஸ்கெட்டைத் தொட்டுப் பார்த்து, "இந்தத் தகடு என்னதான் பண்ணுது, சும்மா சும்மா போகுது?" என்றார்.

"ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் எண்ணெய். மூணும் கலக்காம நடுவுல நிக்குது அண்ணி."

"அப்ப நம்ம வீட்டுல நான்தான்னு சொல்லு."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அப்புறம் அண்ணி மெதுவாக, "அவரு ராத்திரி சரியா தூங்கறதில்ல. அடுத்த தடவை என்ன பண்றதுன்னே தெரியல" என்றார்.

தானாகப் போகாது அண்ணி, ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது என்றேன். என்னவென்று கேட்டார். கருகிய இடத்தை மறுபடி விரலால் தடவிப் பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

லேத் பட்டறைக்காரர் ஹெட்டை வழித்துக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது, "இதோட சரிம்மா. இனிமே வழிக்க இதுல சதை இல்ல. அடுத்த தடவை வளைஞ்சா எடைக்குப் போட வேண்டியதுதான்" என்றார். புது ஹெட் வாங்குவதெல்லாம் அண்ணனால் இப்போதைக்கு ஆகாது. ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு.

ஹெட் உட்காரும் பிளாக்கின் மேல்பரப்பைக் குறுக்கும் நெடுக்கும் சோதித்தேன். சமம். லைனர்களின் உயரத்தை டயல் கேஜ் வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் ஒன்றுபோல. விரிசல் எங்கும் இல்லை. குற்றம் இல்லாத இன்ஜினைப் பார்க்க இவ்வளவு பயமாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

மார்ச் 8, சனி

புது ஹெட் போல்ட் வந்தது. பழையதையே போடலாமே, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார் அண்ணன். இறுக்கி இறுக்கி நீண்டுபோன போல்ட்டை மறுபடி போட மாட்டேன் என்று சண்டை. ஜெயித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஹெட்டை ஏற்றி மூடினோம். நடுவிலிருந்து தொடங்கி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வெளியே போய், ஒரே மூச்சில் இறுக்காமல் படிப்படியாக. மொட்டை ரெஞ்ச் பிடித்தான், நான் வரிசை சொன்னேன். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்து, தண்ணீரின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் புதிதாக, குழாய்கள் புதிதாக.

மத்தியானம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். சூட்டு முள் நடுவில் நின்றது, அசையவில்லை. நின்ற இடத்தில் ஓடும்போது எல்லா இன்ஜினும் யோக்கியம்தான்.

மார்ச் 13, வியாழன்

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

"முள்ளைப் பாத்துக்கிட்டே ஓட்டுங்கண்ணே. ஏறிச்சுன்னா உடனே நிறுத்துங்க."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் லாரி ஓட்டுறேன்டி."

பொய். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிளீனராகவே சேர்ந்தார். ஆனால் அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தக் கிளீனர் வேலைதான். பெண் பிள்ளை இன்ஜின் வேலை படிப்பதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது, "அவ படிப்பா, உங்களுக்கென்ன வயித்தெரிச்சல்" என்று கேட்டவரும் இவர்தான். அதனால் அவர் பொய் சொன்னால் நான் திருத்துவதில்லை.

வெளியே எடுக்கும்போது இடது பக்கக் கண்ணாடியை கேட் தூணில் இடித்துவிட்டார். "யாருய்யா இங்க தூணை வெச்சது?" என்று ஒரு சத்தம். பட்டறை கட்டிய நாளிலிருந்து தூண் அங்கேதான் நிற்கிறது.

மார்ச் 21, வெள்ளி

ஒரு வாரமாக அதே நினைப்பு. மூன்று கேஸ்கெட்டும் வெந்துதான் செத்தன. சரி, எங்கிருந்தோ சூடு ஏறுகிறது. ஏறட்டும். ஏறினால் முள் காட்டும், சிவப்பு விளக்கு எரியும். நிறுத்தி ஆறவிட்டால் கேஸ்கெட் பிழைத்துக்கொள்ளும். சூடு ஏறுவது இன்ஜின் குற்றம். சூட்டோடு ஓட்டுவது —

அண்ணன் அப்படிச் செய்கிறவர் இல்லை. வண்டிக்கு 'மகராசி' என்று பெயர் வைத்துத் தடவிக்கொடுக்கிற ஆள்.

அடுத்த லோடுக்கு நானும் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

சிமென்ட் லோடு. காலையில் கிளம்பினோம். நான் கிளீனர் சீட்டில். அண்ணனுக்கு ஒரே குஷி, தங்கச்சியோடு லாரியில் போய் எத்தனை காலம் ஆயிற்று என்று. சமதளத்தில் முள் நடுவிலேயே இருந்தது. மலை ஏற ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது.

நான் வாய் திறக்கவில்லை. பார்ப்பார், கியரைக் குறைப்பார், ஓரம் கட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பேத்திக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர். விழுந்த பல்லை வாண்டு யாருக்கும் தராமல் கைக்குள்ளேயே பொத்தி வைத்துக்கொண்டு தூங்கிப்போனாளாம். முள் முக்கால் தாண்டியது. அவர் சிரித்தார். முள் சிவப்பைத் தொட்டது. விளக்கும் எரிந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, இடது பக்கம், எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. அவர் சாலையைப் பார்த்தபடி, "கையைத் திறந்து பார்த்தா பல்லைக் காணோம்!" என்கிறார்.

"அண்ணே, சூடு."

"எங்க?"

"முள்ளைப் பாருங்க."

கீழே விழுந்த எதையோ தேடுகிறவர் போல முகம் முழுவதையும் குனிந்து திருப்பினார். கண்ணை மட்டும் இறக்கியிருந்தால் போதும். முகத்தையே இறக்கினார். அப்புறம்தான், "அட, ஆமா" என்றார்.

அகலமான இடத்தில் ஓரம் கட்டி ஆறவிட்டோம். கேஸ்கெட் தப்பித்தது. நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அண்ணே, நேரா அந்தப் பாறையவே பாருங்க. என் கை எப்ப தெரியுதுன்னு சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"சொல்லுங்களேன்."

அவருடைய இடது முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து என் கையை உயர்த்தினேன். விரலை ஆட்டிக்கொண்டே. கியர் தாண்டி, முள் தாண்டி, ஸ்டியரிங் தாண்டி. அவர் சமர்த்தாகப் பாறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் கை அவர் தாடை உயரத்துக்கு வந்துவிட்டது.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார்.

மீதி வழியை நான்தான் ஓட்டினேன். பட்டறைக்காக எடுத்த ஹெவி லைசென்ஸ் இதற்குத்தானா உதவ வேண்டும்? சாவியைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது.

மார்ச் 26, புதன்

சூட்டுக்குக் காரணம் கிடைத்தது. ஃபேன் கிளட்ச். இன்ஜின் சூடானதும் ஃபேனை இறுகப் பிடித்துச் சுழற்ற வேண்டியது, பிடிக்காமல் வழுக்குகிறது. மலை ஏறும்போது மட்டும் தெரியும் குறை. புதிது மாட்டினேன். இனி இந்த இன்ஜினில் கேஸ்கெட் போகாது.

மொட்டை கை கொடுத்தான். எனக்குச் சந்தோஷமே இல்லை.

மார்ச் 27, வியாழன்

"ஒரு பஸர் வெச்சுடு ஸ்பேனர். சூடானா கத்தட்டும், நான் நிறுத்திக்கறேன். அவ்வளவுதானே?"

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். அரை நாள் வேலைகூட இல்லை.

"இன்ஜின் கத்தும்ணே. ரோட்டோரம் நடக்கறவங்க கத்துவாங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கண் டாக்டரிடம் போகலாம் என்றேன். சரி என்று தலையை ஆட்டினார், என்னைப் பார்க்காமல்.

மார்ச் 31, திங்கள்

கண் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த எழுத்தையெல்லாம் அண்ணன் படித்துவிட்டார், கடைசி வரி வரைக்கும். எங்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை, பார்த்தீர்களா என்று. லைசென்ஸ் புதுப்பிக்கும்போதும் இதைத்தான் படித்திருப்பார்.

அப்புறம் உள்ளே ஒரு மிஷின். நேராகப் பார்த்தபடி உட்கார வேண்டும், எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும். நானும் அண்ணியும் வெளியே பெஞ்சில். பொத்தான் சத்தம் கேட்டது. டக். டக். பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை. அண்ணி, "முடிஞ்சுடுச்சா?" என்றார். முடியவில்லை அண்ணி. புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்தன.

டாக்டர் அம்மா நிதானமாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம். வலிக்காது, அதனால் தெரியாது. நேரே பார்ப்பது நன்றாக இருக்கிறது, சுற்றியிருப்பது போய்விட்டது, கீழ்ப்பக்கமும் இடது பக்கமும் அதிகம். போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்ற சொட்டு மருந்து.

அண்ணன் கேட்டார்: "போயிருந்தா அங்க கறுப்பாத் தெரியணும்ல டாக்டர்? எனக்கு எங்கேயும் கறுப்பே இல்லையே."

"தெரியாதுங்க. இல்லாத இடத்தை மூளை தானா நிரப்பிக்கும். ரோடு இருந்தா ரோடு, சுவர் இருந்தா சுவர்."

"லாரி?" என்றேன் நான்.

"கூடவே கூடாது."

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது, "அந்த மிஷினு சரியில்ல" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

பட்டறையைத் திறக்க வருகிறேன், வெளியே நிறுத்தியிருந்த மகராசி இல்லை. இன்னொரு சாவி அவரிடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறெங்கோ பஸர் மாட்டிக்கொண்டு லோடு ஏற்றப் போய்விட்டார் என்று மொட்டை விசாரித்துச் சொன்னான்.

நான் எவ்வளவு நன்றாகச் சரிசெய்து வைத்திருக்கிறேன் அந்த வண்டியை! இனி வழியில் நிற்காது. எதற்கும் நிற்காது. ஐயோ.

ஏப்ரல் 3, வியாழன்

அண்ணனுக்கு லோடு பிடித்துத் தருகிற லோடு ஆபீசுக்குப் போன் பண்ணி, கண் விஷயத்தைச் சொல்லப் போகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிடாதே. வண்டி இல்லாட்டி அவரு யாரு? செத்துடுவாரு. இவ்வளவு நாளா ஒண்ணும் நடக்கலையே."

"நடந்தப்புறம் கழட்டி மாட்டிச் சரிபண்ண மனுஷங்க என்ன இன்ஜினா அண்ணி?"

அழுதார். நானும்தான். என்னைப் படிக்க வைத்த ஆளை நானே... எப்படிச் சொல்வேன்? யாரிடமாவது இந்த முடிவைக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் போல இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

வந்தார். உள்ளே வரவில்லை, கேட் பக்கத்திலேயே நின்றார். லோடு ஆபீசில் எல்லோர் முன்னாலும் லைசென்சைக் காட்டச் சொன்னார்களாம். பிறகு, "கண்ணைக் காட்டிட்டு வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இளவட்டங்கள் சிரித்திருக்கிறார்கள்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உன்கிட்ட இன்ஜினைத்தானே குடுத்தேன்? என்னைப் பிரிச்சுப் பாக்கச் சொன்னேனா?"

போய்விட்டார். இந்த முறை ஸ்பேனர் என்று கூப்பிடவில்லை. எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அவர்கள் தெரு வழியாக வந்தேன். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். தினமும் காலையில் தார்ப்பாயைத் தூக்கி, இன்ஜினைப் போட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்குகிறாராம். சொட்டு மருந்தை மட்டும் அண்ணி விட்டால் விட்டுக்கொள்கிறாராம்.

மே 6, செவ்வாய்

போன் பண்ணினேன். எடுத்தார். என் குரல் கேட்டதும் அண்ணியிடம் கொடுத்துவிட்டார்.

மே 18, ஞாயிறு

ஒருவேளை ஒன்றுமே நடந்திருக்காதோ? தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவர் பாட்டுக்கு இன்னும் பல வருடம் ஓட்டியிருப்பாரோ? எத்தனை டிரைவர்கள் அரைத் தூக்கத்தில் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கெல்லாம் தங்கச்சி போன் பண்ணுகிறாளா? நடக்காத ஒன்றை நான் தடுத்தேன் என்று யாரிடம் காட்டுவது? எனக்கே காட்ட முடியவில்லை.

இன்று பட்டறையில் ஒருவர் என்னைப் புகழ்ந்தார். ஒரு வண்டி விடாமல் எல்லாவற்றுக்கும் ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் பார்க்காமல் நான் ஹெட்டை மூடுவதில்லையாம், அதனால் திரும்பி வருவதே இல்லையாம். திரும்பி வருவதில்லை என்றதும் அழுதுவிட்டேன். அவர் பயந்துவிட்டார், பாவம்.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணி போன் பண்ணினார். வாண்டு கூடத்தில் தரையில் உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாளாம். அண்ணன் வெளியே கிளம்ப, செருப்புக் காலோடு அவள் கையை மிதித்துவிட்டார். பட்டப்பகல், எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. சின்ன விரலில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. கட்டுப் போட்டாயிற்று, குழந்தை தூங்குகிறாள், ஒன்றும் பயமில்லை.

"அவருதான்..." என்று ஆரம்பித்த அண்ணி முடிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

பட்டறையைத் திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தார். முகம் மழிக்கவில்லை. ஸ்டூலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மொட்டை வெளியே போய்விட்டான்.

"அங்கதான் உக்காந்திருந்தா. எனக்குத் தரைதான் தெரிஞ்சுது. நல்லா, சுத்தமா, வெறும் தரை."

"அவளுக்குச் சரியாயிடும்ணே."

"அழக்கூட இல்ல முதல்ல. 'தாத்தா, நான் இங்கதானே இருக்கேன்' அப்படின்னா."

தன்னிடம் இருந்த லாரிச் சாவியை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். அப்புறம் குரல் இறங்கி, "எத்தனை வருஷமா நான் இப்படி ஓட்டியிருப்பேன்?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே. டாக்டரும் சொல்லல."

"யாரையாவது நான்... தெரியாமலே... திரும்பிப் பாக்காமலே போயிருப்பேனா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், அது அவருக்கு நன்றாகத் தெரியும். பொய் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், என் கையில் கிரீஸ்.  போன் பண்ணியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகும்போது, "வரேன் ஸ்பேனர்" என்றார்.

ஜூலை 3, வியாழன்

மகராசியை விற்றாயிற்று. வாங்கியவர் ஒழுங்கானவர். பேரம் பேசி முடித்ததும் அண்ணன், "இதை ஓட்டப் போற பையனைக் கூப்பிடுங்க" என்றார். வந்தவனைப் பக்கத்தில் நிறுத்தி, நேராகப் பார்க்கச் சொல்லி, தன் கையைக் கீழேயிருந்து மெல்ல உயர்த்தினார்.

"தெரிஞ்சா சொல்லுப்பா."

"இப்பவே தெரியுதுங்க. ஏங்க?"

"ஒண்ணுமில்ல. நல்லா இரு."

அண்ணி வேகமாக உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மகராசி ஆயில் மாற்ற வந்தது. ஹெட்டைச் சுற்றித் துடைத்துப் பார்த்தேன், கசிவு இல்லை. தண்ணீர் தெளிவு. மலைப்பாதையில்தான் ஓடுகிறதாம். முள் நடுவைத் தாண்டுவதில்லை என்றான் டிரைவர்.

அண்ணன் இப்போதெல்லாம் மத்தியானத்துக்கு மேல் பட்டறைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். இன்றும் இருந்தார். வண்டி வந்ததும் எழுந்துபோய் பானெட்டில் கை வைத்து நின்றார். டிரைவர் ஏறி இன்ஜினைப் போட்டபோது, கதவருகில் போய், யாரோ புது ஆளிடம் உதவி கேட்கிற குரலில், "தெருமுனை வரைக்கும் வரட்டுமா தம்பி?" என்றார்.

"ஏறுங்க ஐயா."

கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி புறப்பட்டது. தெருமுனையில் நின்றது தெரிந்தது. அவர் இறங்க நேரமாயிற்று. அப்புறம் வண்டி திரும்பி மறைந்தது.

நான் கூப்பிடப் போகவில்லை. மொட்டை போகட்டுமா என்று கண்ணால் கேட்டான், வேண்டாம் என்றேன். சுவரோரமாக, ஒரு கையால் சுவரைத் தொட்டபடி, அவசரமில்லாமல் நடந்து வந்தார். வாசலுக்கு வந்து செருப்பை உதறிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"நல்லா ஓட்டுறான்."